கூட இருக்கிறவங்க தண்ணியும் கரண்டும் வீணாக்குறாங்க: சண்டை போடாம எப்படிக் குறைக்கிறது?

புலியூர்_மாடிவீடு
ஏப்ரல் 6, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு மாடி வீட்ல நாங்க நாலு பேர் தங்கியிருக்கோம். வாடகை நாலா பிரியும், கரண்ட் பில்லும் நாலா பிரியும். போன தடவை ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில 740 யூனிட்னு எழுதிட்டுப் போனார். நாலாயிரத்துச் சொச்சம் கட்டினோம்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். மோட்டாரைப் போட்டுட்டு ஒருத்தன் தூங்கிடுவான். டேங்க் வழிஞ்சு கீழ்வீட்டு அக்கா துணி காயப்போடற இடம் முழுக்க ஈரம், அவங்க மேலே பார்த்துச் சத்தம் போட்டாத்தான் எங்களுக்கே தெரியும். இன்னொருத்தன் பல் தேய்க்கிற வரைக்கும் குழாயை மூட மாட்டான். நைட் ஷிஃப்ட் போற நண்பன் காலையில வந்து அஞ்சு பக்கெட் ஊத்திக் குளிச்சிட்டு, 18-ல ஏசியைப் போட்டுப் போர்வையும் போத்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் தூங்குவான்.

நான் திட்டக்குடி பக்கத்துக் கிராமம். எங்க அம்மா இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு அரை கிலோமீட்டர் குடம் தூக்கி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன். ராத்திரி குழாய் ஓடற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன ஹவுஸ் ஓனரா?"ன்னு கேட்டாங்க. போன வாரம் கோபத்துல, ஷிஃப்ட் நண்பன் குளிச்சிட்டிருக்கும்போது மாடிக்குப் போய் கேட் வால்வை மூடிட்டேன். நாலு நாளா என்கூடப் பேசலை.

இந்த மாதிரி வீட்ல இருந்தவங்க யாராவது வழி சொல்லுங்க.


மஞ்சை_ஓய்வு
ஏப்ரல் 6, இரவு 11.25

தம்பி, சோப்பு போட்டுட்டு நிக்கிற ஆளுக்குத் தண்ணியை நிறுத்தினது தப்பு. முதல்ல போய் மன்னிப்புக் கேட்டுடுங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

நான் நிலத்தடி நீர் வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். ஆளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. எல்லாரும் படுத்த பிறகு டேங்க் மூடியைத் திறந்து தண்ணி எங்கே நிக்குதுன்னு ஒரு கோடு போடுங்க. காலையில யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மறுபடி பாருங்க. இறங்கியிருந்தா அதைக் குடிச்சது உங்க நண்பர்கள் இல்லை, வீடு.

கழிப்பறை ஃபிளஷ் டேங்கில சொட்டு நீலம் நாலு சொட்டு விடுங்க. அரை மணி நேரம் யாரும் தொட வேண்டாம். கோப்பையில நீலம் இறங்கினா உள்ளே வாஷர் போயிடுச்சுன்னு அர்த்தம். சத்தம் வராது, கண்ணுக்கும் தெரியாது, ராப்பகலா ஓடும்.


நெல்லிக்குப்பம்_வயர்மேன்
ஏப்ரல் 7, காலை 7.10

ஐயா தண்ணிக்குச் சொல்லிட்டார், நான் கரண்டுக்குச் சொல்றேன். 740-ஐ உடைச்சுப் பார்ப்போம். சாதா சீலிங் ஃபேன் 75 வாட். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 216 யூனிட். பழைய ஏசி ஒரு நாளைக்கு 5 யூனிட்டுன்னு வச்சாலும் 300. ஃபிரிட்ஜ் ஒரு 60. ஒரு ஹெச்.பி. மோட்டார் தினம் ஒண்ணே கால் மணி நேரம்னா 70 கிட்ட. மிச்சம் லைட், டிவி, அயர்ன் பாக்ஸ், கீசர். கணக்கு நேரா வந்துடுது பாருங்க. எல்லாரும் ஏசியைத்தான் திட்டுவாங்க, ஃபேனை யாரும் பார்க்க மாட்டாங்க. ஆளில்லாத ரூம்ல சுத்தற ஃபேனுக்குக் கணக்கே கிடையாது. கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட்டுக்குள்ள முடிஞ்சிடும், அந்த 216 அப்படியே 90-க்குக் கீழ வந்துடும்.

இன்னொண்ணு. நம்ம தமிழ்நாட்டுக் கட்டணத்துல 500-ங்கிறது ஒரு கோடு. அதைத் தாண்டினா 501-வது யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 101-லேருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்குக் கிடைச்ச சலுகையும் போயிடும். 2022 செப்டம்பர் அட்டவணைப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பைசா ஏறுச்சு, படிக்கட்டு மாறலை. இதை உங்க கூட்டாளிங்களுக்கு ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க. பூமி, சுற்றுச்சூழல்னு பேசினா காதுல விழாது, 305 ரூபாய் விழும்.


வில்லியனூர்_வீட்டுக்காரி
ஏப்ரல் 7, மதியம் 2.30

நீங்க நண்பர்கள்கிட்ட கோபமாவது பட முடியுது. நான் யார்கிட்ட பேசறது? கூட்டுக் குடும்பம், ஏழு பேர். அத்தை பாத்திரம் தேய்க்கும்போது குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டுத்தான் தேய்ப்பாங்க. கொழுந்தனார் தினம் காலையில பைக்கை ஓஸ் பைப் போட்டுக் கழுவுவார். மருமகள் வந்து தண்ணிக்குக் கணக்குப் பேசினா வீடு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நான் முதல்ல வாயே திறக்கலை. வீட்டுக்காரர்கிட்ட சொல்லி சமையலறைக் குழாய் முனையில காத்தும் தண்ணியும் கலந்து வர்ற சின்ன ஜல்லடை ஒண்ணு மாட்டச் சொன்னேன். ஹார்டுவேர் கடையில ஏரேட்டர்னு கேட்டா தருவாங்க. திறக்கிறது முழுசாத்தான், வர்றது பாதிக்கும் குறைவு. அத்தைக்கு வித்தியாசமே தெரியலை. "குழாய் நல்லா பூப்போல வருது"ன்னாங்க. ஒரு எச்சரிக்கை: எங்க தண்ணியில உப்பு அதிகம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி எலுமிச்சைச் சாறுல ஊறப் போடலைன்னா அடைச்சுக்கும்.

ஒரு நாள் சும்மா பேச்சுவாக்குல அத்தை சின்ன வயசுல தண்ணிக்கு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். அவங்க பொறந்தது முத்திரையர்பாளையம் பக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்துல அங்கேருந்துதான் புதுச்சேரி நகரத்துக்கே தண்ணி போச்சு. பாரதி பூங்கா நடுவுல நிக்கிற ஆயி மண்டபம் அதுக்காகக் கட்டினதுதான். தன் வீட்டை இடிச்சுக் குளம் வெட்டினதாச் சொல்ற ஆயியோட கதையில ஆரம்பிச்சு, கேணியில எத்தனை வாளி இறைச்சா ஒரு அண்டா நிறையும், அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு, துணி அலசின தண்ணி வாசல் தெளிக்கன்னு ஒரு மணி நேரம் சொன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்லலை. மறுநாள் அவங்களே ரெண்டு அன்னக்கூடையில தண்ணி பிடிச்சு வச்சு, ஒண்ணுல தேய்ச்சு ஒண்ணுல அலசினாங்க. அவங்களுக்குத் தெரியாத விஷயத்தை நான் எங்கே சொல்லிக் கொடுக்கப் போறேன்? குழாய் வந்த பிறகு கை மறந்துபோச்சு, அவ்வளவுதான்.

கொழுந்தனார் இன்னும் ஓஸ் பைப்தான்.


சில்வர்பீச்_காத்து
ஏப்ரல் 7, இரவு 9.05

எல்லாரும் நல்ல மனசோட பேசறீங்க, எனக்கு ஒரு சந்தேகம். போர்வெல்ல எடுக்கிற தண்ணி குளிச்சு முடிச்சு திரும்பவும் மண்ணுக்குள்ளதானே போகுது? அதோட நம்ம மாவட்டத்துல நெய்வேலிச் சுரங்கத்துல பழுப்பு நிலக்கரி வெட்டறதுக்காக ராத்திரி பகலா நிலத்தடி நீரை இறைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஒரு பக்கெட் என்ன கணக்கு? இதுக்காக நண்பனோட பேச்சை முறிச்சுக்கணுமா?


மஞ்சை_ஓய்வு
ஏப்ரல் 7, இரவு 10.50

நல்ல கேள்வி, கேட்டதுக்கு நன்றி. ஒவ்வொண்ணா வர்றேன்.

நெய்வேலியில இறைக்கிறது உண்மை. நிலக்கரிக்கு அடியில இருக்கிற ஊற்று மேல்நோக்கி அழுத்தத்தோட இருக்கு, அந்த அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டு வந்துடும். அது பெரிய விவகாரம், அதைப் பத்தி ஊர் கேள்வி கேட்கணும், கேட்டுட்டும் இருக்கு. ஆனா அந்த நீர் தாங்கற பாறைக்கு நிலவியல் புத்தகத்துல இருக்கிற பேரே கடலூர் மணற்கல். நம்ம ஊர் பேரை வச்ச ஊற்று. அங்கே இறைக்கிறாங்கன்னு இங்கேயும் திறந்து விட்டா ரெண்டு பக்கமும் போகும்.

அடுத்தது, மண்ணுக்குத் திரும்பிப் போறது. உங்க பாத்ரூம் தண்ணி எங்கே போகுதுன்னு பாருங்க. சாக்கடை, கெடிலம் ஆறு, கடல். தோட்டத்துல விட்டாத்தான் மண்ணுக்குப் போகும். கடலோர ஊர்ல இதுல ஒரு ஆபத்து இருக்கு. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது, ஏன்னா அது லேசு. கைபன், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் போட்ட கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நின்னா, கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். மேலே 1 அடி இறங்கினா, கீழேருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கொடுத்த மாதிரி. தேவனாம்பட்டினத்துலயும் முதுநகர்லயும் ஒரு காலத்துல தித்திச்ச கிணறு இப்ப ஏன் கரிக்குதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு தடவை உப்பு ஏறின ஊற்று நாலு மழையில சரியாகாது.

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினப்போ நான் இங்கேதான் இருந்தேன். மின்கம்பமெல்லாம் சாஞ்சு கிடந்தது. நாள்கணக்கா கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. தெருவுல ஒரே அடிபம்பு. எங்க வீட்ல அஞ்சு பேர், ஆளுக்கு ரெண்டு குடம். அதுலதான் சமையல், குளியல், எல்லாம். கஷ்டம்தான், ஆனா ஓடுச்சு. அதே அஞ்சு பேர் கரண்ட் வந்த மறுவாரமே பழையபடி ஆயிட்டோம். அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கேட்கலை.


காலாப்பட்டு_6பேர்
ஏப்ரல் 8, காலை 6.45

ஐயா சொன்னது எங்களுக்கும் நடந்திருக்கு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஊரே தண்ணி, எங்க குழாயில மட்டும் தண்ணி இல்லை. நாங்க ஆறு பொண்ணுங்க ஒரு வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறோம். மாடியிலேருந்து கொட்டின மழைத் தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சுத்தான் ரெண்டு நாள் ஓட்டினோம்.

எங்க வீட்ல வீணாகறது வேற மாதிரி, இதை யாரும் சொல்லலை. வீட்டுக்காரர் காலையில ஒரு மணி நேரம்தான் மோட்டார் விடுவார். அதனால எல்லாரும் பக்கெட், குடம், டப் எல்லாத்திலயும் பிடிச்சு வச்சுப்போம். மறுநாள் புதுத் தண்ணி வந்ததும் "பழைய தண்ணி"ன்னு மொத்தத்தையும் கொட்டிட்டுப் புதுசாப் பிடிப்போம். எண்ணிப் பார்த்தேன், ஒரு காலையில மட்டும் ஏழு பக்கெட் தரையில போச்சு. தட்டுப்பாடு இருக்கிற வீட்லதான் இப்படி நடக்குது! இப்போ மூடி போட்ட டிரம் ஒண்ணு வாங்கிக் கீழே குழாய் வச்சுக்கிட்டோம். பழசு தீர்ந்தாத்தான் புதுசு.

ஆர்.ஓ. மிஷினும் பாருங்க. எங்க ஊர்த் தண்ணிக்கு 1 லிட்டர் சுத்தம் பண்ண 3 லிட்டர் கழிவா வெளியே போகுது. அதை ஒரு பக்கெட்ல விட்டுத் தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் வச்சிருக்கோம். செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு கூடின தண்ணி அது, எங்க துளசி பட்டுப்போச்சு.


சிப்காட்_ஷிஃப்ட்
ஏப்ரல் 8, காலை 8.20

நைட் முடிச்சு இப்பத்தான் வந்தேன், தூங்கறதுக்கு முன்னாடி எழுதறேன். புலியூர் தம்பிக்கு அந்த நண்பர் பக்கத்தைச் சொல்லணும்னு தோணுது, நானும் அந்த மாதிரிதான்.

எட்டு மணி நேரம் ரசாயன வாடையில நின்னுட்டு வந்தா, ரெண்டு பக்கெட் ஊத்தியும் கையை மோந்து பார்த்தா போகாது. அந்த வாடையோட சாப்பாட்டுல கை வைக்க மனசு வராது. குளியல் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஏசியும் அப்படித்தான். நீங்க ராத்திரி 10 மணிக்குப் படுக்கிறீங்க, கடல் காத்து வரும். நாங்க மொட்டை மாடிக்கு நேர் கீழே, சித்திரை வெயில்ல மதியம் படுக்கிறோம். கான்கிரீட் தளம் தோசைக்கல் மாதிரி சுடும். தூக்கம் கெட்டா அடுத்த ராத்திரி மிஷின் பக்கத்துல கண் சொக்கும். அது உயிர் விஷயம்.

என் வீட்ல நாங்க பண்ணது: மொட்டை மாடியில சுண்ணாம்பு அடிச்சோம், வெள்ளை வெளேர்னு. ஜன்னலுக்குக் கெட்டித் துணித் திரை. ஏசி 26, கூடவே ஃபேன் மெதுவா. முன்னாடி 20-லயும் வேர்க்கும். இப்ப 26-ல போர்வை தேடறேன். 18 வைக்கிறவன் குளிருக்கு ஆசைப்பட்டு வைக்கலை தம்பி, ரூம் சீக்கிரம் ஆறணும்னு வைக்கிறான். 18 வச்சாலும் 26 வச்சாலும் சாதா ஏசி ஒரே வேகத்துலதான் ஆத்தும்னு அவருக்குச் சொல்லுங்க.

வேலை இடத்துலயே குளியலறை இருந்தா அங்கேயே ஒரு தடவை குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. நான் இப்ப அப்படித்தான் செய்றேன்.


நெல்லிக்குப்பம்_வயர்மேன்
ஏப்ரல் 8, காலை 9.00

ஷிஃப்ட் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஒரு டிகிரி ஏத்தினா ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம்னு மத்திய எரிசக்தித் திறன் பணியகமே சொல்லுது. 2020 ஜனவரியிலேருந்து வர்ற ஏசியெல்லாம் போட்டவுடனே 24-லதான் நிக்கணும்னு விதியும் வந்தாச்சு.

ஏசி ரூமுக்குத் தனியா சப் மீட்டர் போட்டுடுங்க, ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். போடறவன் காசைப் போடறவனே கட்டட்டும்.


வில்லியனூர்_வீட்டுக்காரி
ஏப்ரல் 8, காலை 11.40

அண்ணே, சப் மீட்டர்ல எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுத்துட்டா வீணாக்கலாம்னு ஆயிடும். எங்க மேல்மாடியில குடியிருந்தவங்களுக்குத் தனி மீட்டர் வச்சப்போ "நாங்கதான் கட்டறோமே"ன்னு ஆள் இல்லாத நேரத்துலயும் ஓடுச்சு. முன்னாடி இருந்த கூச்சமும் போயிடுச்சு. அதோட ஒரு வீட்டுக்குள்ள நூல் பிடிச்சுக் கணக்குப் பார்த்தா நாளைக்கு ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வைக்க யார் இருப்பா?


நெல்லிக்குப்பம்_வயர்மேன்
ஏப்ரல் 8, மதியம் 1.15

குடும்பத்துக்கு நீங்க சொல்றது சரி அக்கா. நண்பர்கள் வீட்ல சமமாப் பிரிக்கிறதுதான் வினை. எவ்வளவு ஓட்டினாலும் கால் பங்குதான் நம்ம தலையில விழும்னு எல்லாருக்கும் உள்ளுக்குள்ள தெரியும். இதுல நான் மாற மாட்டேன்.


புலியூர்_மாடிவீடு
ஏப்ரல் 13, இரவு 9.30

எல்லாருக்கும் மொதல்ல நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

மன்னிப்புக் கேட்டுட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "கண்ல சோப்பு போயிடுச்சுடா"ன்னான். அவ்வளவுதான். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி அவனும் நானும் சேர்ந்துதான் டேங்க்ல கோடு போட்டோம். அவனுக்கு ஓய்வு நாள். 11 மணிக்குப் போட்ட கோட்டுலேருந்து காலை 6 மணிக்கு ஒரு சாண் இறங்கியிருக்கு. ஆயிரம் லிட்டர் டேங்க், குறுக்களவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. கணக்குப் போட்டா 180 லிட்டருக்குக் குறையாது. யாரும் ஒரு சொட்டுக்கூடத் தொடலை! சொட்டு நீலம் விட்டோம், பத்து நிமிஷத்துல கோப்பை நீலமாயிடுச்சு. ஃபிளஷ் டேங்க் வாஷர்தான். ப்ளம்பர் கூலியோட 250 ரூபாய் ஆச்சு. இத்தனை மாசமா நான் இவனுங்களைத் திட்டிட்டிருந்த தண்ணியை விட அதுல போன தண்ணி அதிகம். அஞ்சு பக்கெட் குளிச்சாலும் 80, 90 லிட்டர்தானே.

தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளுக்குப் பின்னாடி காலை 7 மணி மீட்டர் ரீடிங்கை எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டறோம். நான் யாரையும் ஒண்ணும் சொல்றதில்லை. மூணாவது நாள் 14 யூனிட்னு பார்த்துட்டு மோட்டார் போட்டுத் தூங்கற நண்பனே, "நேத்து என்னடா பண்ணோம்?"ன்னு கேட்டான்.

டேங்க் அலாரமும் வாங்கிட்டோம். நிறைஞ்சா "தண்ணீர் நிரம்பிவிட்டது"ன்னு கத்துது. கீழ்வீட்டு அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டா சந்தோஷமாம்.

சப் மீட்டர் பத்தி அவனே பேச்செடுத்தான், நான்தான் வேண்டாம்னேன். ஏசிக்காக அவன் ரெண்டு பங்கு தரேன்னான், ஒண்ணரைன்னு முடிச்சோம். மாடியில சுண்ணாம்பு அடிக்க ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்கணும்.


நெல்லிக்குப்பம்_வயர்மேன்
ஏப்ரல் 13, இரவு 10.10

அலாரத்துக் கம்பியில உப்பு படிஞ்சா கத்தாது, இல்லைன்னா காலி டேங்குக்கும் கத்தும். மாசம் ஒரு தடவை துடைச்சு விடுங்க. அடுத்த தடவை மிதவை வச்ச சுவிட்ச் போட்டுக்கோங்க, அது தானாவே மோட்டாரை நிறுத்திடும். கடலோரத் தண்ணிக்கு அதுதான் நிலைக்கும்.


புலியூர்_மாடிவீடு
ஜூன் 11, இரவு 8.50

ரீடிங் எடுத்தாச்சு. 530. அக்னி நட்சத்திரம் முழுக்க உள்ளே வந்தும் 210 குறைஞ்சிருக்கு. ஆனா 30 யூனிட்ல அந்த 500-ங்கிற கோட்டைத் தாண்டிட்டோம். வயர்மேன் அண்ணன் சொன்ன 2022 அட்டவணைப்படி போட்டுப் பார்த்தா அந்த 30 யூனிட்டுக்கு மட்டும் 465 ரூபாய். கடைசி வாரம் தாள் ஒட்ட மறந்ததுதான் காரணம், அது என் பொறுப்பு. அடுத்த தடவை ரீடிங் தேதிக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே 375-ஐத் தாண்டாம இருக்கோமான்னு பார்க்கிறதா பேசி வச்சிருக்கோம்.

சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஓனர் பாதிக் காசு கொடுத்தார். ஏசி இப்ப 25. குழாய் சொட்டற சத்தம் கேட்டா ஷிஃப்ட் நண்பன் தூக்கத்துலேருந்து எழுந்து போய் இறுக்கிட்டு வர்றான்.

பல் தேய்க்கிற நண்பன் மட்டும் இன்னும் அப்படியேதான். தாளையும் பார்க்க மாட்டான், 465-ம் அவனுக்குப் பெரிசில்லை, நல்ல சம்பளம். ரொம்ப நல்லவன், போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு நாள் லீவு போட்டு கூடவே இருந்தான். அவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலை. காலையில அந்தச் சத்தம் கேட்கும்போது இன்னும் எனக்கு வயித்தைப் பிசையுது.


மஞ்சை_ஓய்வு
ஜூன் 11, இரவு 9.40

அவருக்கு எந்த ஊர் தம்பி? அவங்க வீட்ல தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?